வாடைக்கும் கச்சானுக்கும் ஈடுகொடுக்கும் கிரேன் பென்டன்ட்: பெட்டியையும் கேபிளையும் பற்றிய மதிப்பீடு

திருகோணமலை உட்துறைமுகத்தின் கரையோரமாகச் சீனக்குடாப் பக்கத்தில் இயங்கும் எங்கள் வேலைத்தளத்தில், மீன்பிடிப் படகுகளின் டீசல் இயந்திரங்களையும் கியர்ப்பெட்டிகளையும் தூக்கி இறக்க ஐந்து தொன் ஓவர்ஹெட் கிரேன் ஒன்றும், கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் முன்றிலில் இரண்டு தொன் மின் ஹொயிஸ்ட் ஒன்றும் உள்ளன. இவ்விரண்டிலும் இருந்த பழைய பென்டன்ட்களை, அதாவது கேபிளில் தொங்கும், கையில் பிடித்துக் கிரேனை இயக்கும் பொத்தான் பெட்டிகளை நீக்கிவிட்டு, ஷ்னைடர் இலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹார்மனி எக்ஸ்.ஏ.சி.ஏ வரிசைப் பெட்டிகளையும், உருக்குத் தாங்குகம்பி உள்ள கட்டுப்பாட்டுக் கேபிளையும் பொருத்தினோம். வடகீழ்ப் பருவத்தின் வாடை மழையையும் தென்மேல் பருவத்தின் கச்சான் வெயிலையும் இரண்டு பென்டன்ட்களும் முழுமையாகக் கண்டுவிட்டதால், இனி அவற்றைப் பற்றிப் பொறுப்போடு எழுதலாம் என்று கருதுகிறேன். பெட்டி நன்று, தயங்காமல் வாங்கலாம். ஆனால் ஒரு பென்டன்டின் ஆயுளைத் தீர்மானிப்பவை, கடையில் எல்லோரும் கையில் எடுத்துப் பார்க்கும் அந்த மஞ்சள் பெட்டியைக் காட்டிலும், யாரும் வளைத்துக்கூடப் பார்க்காத கேபிளும் அது பெட்டிக்குள் நுழையும் இடமுமே. வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவதும் இதுதான்.

இத்துறைக்குப் புதியவர்களுக்காக ஒரு விளக்கம். பென்டன்ட் பொத்தான்கள் மோட்டாருக்குச் செல்லும் 400 வோல்ட் மும்முனை மின்சாரத்தைத் தொடுவதில்லை. டிரான்ஸ்போமர் ஒன்றால் 24, 48 அல்லது 110 வோல்ட்டாகக் குறைக்கப்பட்ட கட்டுப்பாட்டு மின்சாரமே அவற்றின் வழியாகச் சென்று, மேலே பனலில் உள்ள கொன்டாக்டர்கள் எனப்படும் மின்காந்தச் சுவிட்சுகளின் கொயிலை (மின்காந்தச் சுருளை) இயக்குகிறது. கொன்டாக்டர்கள்தாம் மோட்டாரை இணைத்துத் துண்டிக்கின்றன. தொழிலாளி ஈரக் கையோடு நாள் முழுவதும் பற்றியிருக்கும் பொருள் என்பதால் இந்த ஏற்பாடு உயிர்ப் பாதுகாப்புக்கு உரியது. சில சிறிய ஹொயிஸ்ட்களில் மட்டும் பொத்தானே மோட்டாரின் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும். எக்ஸ்.ஏ.சி.ஏ பெட்டி அவ்வகைக்கு உரியது அன்று. கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மட்டுமே உரியது. உங்கள் ஹொயிஸ்ட் எந்த வகை என்பதை மின்னியலாளரைக் கொண்டு பனலைத் திறந்து பார்த்த பின்னரே பெட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

நாங்கள் நீக்கிய பழைய பெட்டிகள், இதே தோற்றத்தில், இதே மஞ்சள் நிறத்தில், பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத நகல்கள். அவற்றைத் திறந்தபோது கண்டது நமது காலநிலைக்கே உரிய அழிவு. மூடியின் திருகாணிகள் நாகப் பூச்சுப் பூசிய சாதாரண உருக்கால் ஆனவை. பூச்சு கரைந்து துருப்பிடித்துத் தலை தேய்ந்துவிட்டதால் இரண்டைத் துளையிட்டே எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே பொத்தானின் சுருள்வில்லில் துரு. வயர்களை இணைக்கும் டெர்மினல்களில் பச்சை நிறத்தில் பூத்த செப்புக் களிம்பு. அடித்தளத்தில் ஒரு தேக்கரண்டி அளவு நீர். ஒக்டோபரிலிருந்து சனவரி வரை வடகீழ்ப் பருவமழை கடலிலிருந்து நேரே வந்து அறைகிறது. அதன் பின் வரும் கச்சான் காற்றோ ஈரத்தை உலர்த்திவிட்டு உப்பை மட்டும் உள்ளே விட்டுச் செல்கிறது. அடுத்த மழையின் ஈரம் அந்த உப்பைத் தொட்டவுடன் டெர்மினல்களுக்கு இடையே மின்கசிவுக்கு வழி பிறக்கிறது. கண்டியிலோ நுவரெலியாவிலோ பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய நகல் பெட்டி இங்கே விரைவில் வீணாவதற்குக் காரணம் மழையின் அளவு அன்று, மழையும் உப்பும் வெப்பமும் மாறி மாறி வருவதே.

எக்ஸ்.ஏ.சி.ஏ பெட்டியின் உடல் பொலிபுரொப்பிலீனால் ஆனது. இரட்டைக் காப்பு உடையது. சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி அதற்கு அடையாளம். உலோக உடல் இல்லாததால் பெட்டியில் கை படும் இடத்தில் மின்சாரம் ஏறும் அபாயம் இல்லை. உப்புக்காற்றில் அந்த உடல் அரிக்கப்படுவதும் இல்லை. பாதுகாப்புத் தரம் ஐ.பி. 65. முதல் இலக்கமான 6 தூசு முற்றாகப் புகாது என்பதையும், இரண்டாவது இலக்கமான 5 எத்திசையிலிருந்தும் பீய்ச்சப்படும் நீர்த்தாரையைத் தாங்கும் என்பதையும் குறிக்கின்றன. மழைக்கு இது தாராளம். ஆனால் படகின் அடிப்பாகத்தைக் கழுவும் உயரழுத்த நீர்ப்பம்பை இதன் மீது திருப்பக் கூடாது. அந்த வலிமைக்கு இத்தரம் உத்தரவாதம் அளிப்பதில்லை. கழுவும் வேலை நடக்கும் நாள்களில் பென்டன்டைத் தூணுக்கு அப்பால் ஒதுக்கிக் கட்டி வைக்கும்படி எங்கள் பையன்களுக்குச் சொல்லியிருக்கிறோம்.

பொத்தான்களின் அழுத்தம் கையுறை அணிந்த விரலுக்கும் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு வேகம் உள்ள கிரேன்களுக்கு இரு படிப் பொத்தான்களைப் பெறலாம். முதல் படி வரை அழுத்தினால் மெது வேகம், ஆழ அழுத்தினால் முழு வேகம். இயந்திரம் ஒன்றைப் படகின் அடிச்சட்டத்தில் இறக்கி ஆணித்துளைகளை நேர்படுத்தும்போது அந்த முதல் படியின் அருமை தெரியும்.

இதைவிட முக்கியமானது இயந்திர இடைப்பூட்டு. மேலேற்றும் பொத்தானை அழுத்தியிருக்கும்போது இறக்கும் பொத்தான் உள்ளே போகாது. இடம், வலம் என்ற சோடிப் பொத்தான்களுக்கும் அதே ஏற்பாடு உண்டு. இது வெறும் வசதிக்காக வைக்கப்பட்டதன்று. மும்முனை மோட்டாரின் திசையை மாற்ற இரு முனைகளை இடம் மாற்றி இணைக்கிறோம். ஏற்றும் கொன்டாக்டரும் இறக்கும் கொன்டாக்டரும் ஒரே கணத்தில் மூடிக்கொண்டால் முனைக்கு முனை குறுக்குச் சுற்று ஏற்பட்டு பனலே கருகிவிடும். கொன்டாக்டர்களின் துணை முனைகள் வழியாக மின் இடைப்பூட்டும் இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் பொத்தானிலேயே தடுப்பு இருப்பது முதல் காவல். நகல் பெட்டிகளில் பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்று இந்த வேலைக்கென இருக்கிறது, ஆனால் இரு பொத்தான்களையும் பெருவிரல்களால் பலமாக அழுத்தினால் இரண்டும் உள்ளே போய்விடுவதைக் கண்டிருக்கிறேன். கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் செய்து பாருங்கள்.

அவசர நிறுத்தப் பொத்தானைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிவப்புக் காளான் தலை, அதன் பின்னால் மஞ்சள், அழுத்தினால் பூட்டிக்கொண்டு நிற்றல், திருகியோ இழுத்தோ விடுவித்தாலன்றி மீளாமை ஆகியவை எல்லாம் ஐ.ஈ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு) 60947-5-5 என்ற நியமம் கேட்பவை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தேவையும் உண்டு. அதன் உள்ளே மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் கொன்டாக்ட், சுருள்வில்லின் தயவை எதிர்பாராமல், அழுத்தும் கையின் விசையாலேயே பிரிக்கப்பட வேண்டும். அப்போதுதான் முனைகள் உருகி ஒட்டியிருந்தாலும் பிரியும். வட்டத்துக்குள் அம்பு வரைந்த சிறு குறி அந்தத் தகுதியைக் காட்டுகிறது. அந்தக் கொன்டாக்ட் அடங்கிய சிறு கட்டையான கொன்டாக்ட் புளொக்கின் பக்கவாட்டில் அந்தக் குறியைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடலாம். நல்ல பொத்தானை வாங்கிவிட்டு, அதை ஏற்றும் இறக்கும் கொயில்களின் வழியில் மட்டும் இணைத்து வைப்பதும் பயனற்றது. ஏற்றும் கொன்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டால் அதன் கொயிலுக்கு மின்சாரம் போகாவிட்டாலும் மோட்டார் சுழன்றுகொண்டே இருக்கும். அவசர நிறுத்தம் தனியான மெயின் கொன்டாக்டர் ஒன்றை விடுவித்து, மோட்டாருக்கு வரும் மும்முனைகளையும் துண்டிக்க வேண்டும். அத்துடன், பொத்தானை விடுவித்தவுடன் கிரேன் தானாக உயிர்பெறக் கூடாது. தொடக்கப் பொத்தானை மீண்டும் அழுத்திய பின்னரே இயங்க வேண்டும்.

இனி கேபிள் நுழையும் இடம். பென்டன்ட் கூரையிலிருந்து நேரே கீழே தொங்குவதால், கேபிளின் மேல் விழும் மழைநீர் முழுவதும் அதன் வழியே வழிந்து பெட்டியின் தலைக்கே வந்து சேர்கிறது. வேறு பெட்டிகளில் கேபிளைக் கீழ்ப்பக்கமாக நுழைத்து நீரைத் திசை திருப்பலாம்; இங்கே அதற்கு வழியே இல்லை. எக்ஸ்.ஏ.சி.ஏ பெட்டியின் தலையில் படிப்படியாகக் குறுகிச் செல்லும் இறப்பர் கழுத்து ஒன்று இருக்கிறது. கேபிளின் தடிப்புக்கு ஏற்ற படியில் அதை வெட்டி, கேபிளை உள்ளே செலுத்தி, வெளியே பட்டியால் இறுக்க வேண்டும். கேபிள் எளிதாக நுழையட்டும் என்று ஒரு படி கீழே வெட்டிவிட்டால் ஐ.பி. 65 என்ற எழுத்துக்கு அக்கணமே பொருள் இல்லாமல் போய்விடுகிறது. சவர்க்கார நீரைத் தடவிச் சற்று அமுக்கிச் செலுத்த வேண்டிய அளவு இறுக்கமே சரியான அளவு. மழைக்காலத்தில் அந்தக் கழுத்தின் விளிம்பில் நீர் வளையமாகத் தேங்கி நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். எங்கள் பெட்டியைப் பருவமழையின் நடுவே திறந்து பார்த்தபோது உள்ளே டெர்மினல்கள் உலர்ந்தே இருந்தன.

இதில் கேபிளின் வடிவமும் சேர்ந்துகொள்கிறது. சந்தையில் உருக்குத் தாங்குகம்பி உள்ள கேபிள்கள் இரு வகையாகக் கிடைக்கின்றன. ஒன்றில் வட்டமான உறைக்கு உள்ளேயே கம்பிகள் மறைந்திருக்கும். மற்றதில் உறையின் இரு புறமும் காதுகள் போல நீண்டு அவற்றுக்குள் கம்பிகள் ஓடும். காதுள்ள கேபிளில் கம்பிகளைப் பிரித்தெடுத்து மாட்டுவது எளிது. ஆனால் காதை அறுத்தெடுத்த இடத்தில் உறை வட்டமாக இருப்பதில்லை. கத்தியின் தடம் சிறு பள்ளமாக நிற்கும். அந்தப் பள்ளத்தின் வழியாக நீர் இறப்பர் கழுத்தைத் தாண்டிவிடும். திறந்த முன்றிலில் உள்ள ஹொயிஸ்டுக்கு உட்கம்பி உள்ள வட்டக் கேபிளையே நாங்கள் தேர்ந்தோம். கூரைக்குக் கீழே உள்ள ஓவர்ஹெட் கிரேனுக்குக் காதுள்ள கேபிள் போதுமானதாக இருக்கிறது.

தாங்குகம்பி எதற்கு என்ற கேள்வியை இன்னும் பலர் கேட்கிறார்கள். பெட்டியின் எடையையும், கேபிளின் எடையையும், பென்டன்டைப் பிடித்துக் கிரேனையே இழுத்து நடக்க முயலும் தொழிலாளியின் கைவலிமையையும் அந்தக் கம்பி ஏற்க வேண்டும். செப்பு வயர்கள் எதையும் ஏற்கக் கூடாது. மேலே ஹொயிஸ்டின் உடலில் உள்ள கொழுக்கியிலும், கீழே பெட்டியின் தலையிலும் கம்பியை மாட்டி, இடையில் கேபிள் சற்றுத் தளர்ந்திருக்குமாறு கம்பியைக் கேபிளைவிடக் குட்டையாகக் கட்டுவதே முறை. நாம் பல இடங்களில் காண்பதோ, தொந்தரவு என்று கம்பியை வெட்டி எறிந்துவிட்டுக் கேபிளை மட்டும், அது நுழையும் இடத்தில் பற்றிப் பிடிக்கும் கிளாண்டில் இறுக்கியிருக்கும் காட்சி. அப்படிக் கட்டிய கேபிளில் செப்பு இழைகள் காப்புக்கு உள்ளேயே ஒவ்வொன்றாக அறுகின்றன. வெளியே எதுவும் தெரியாது. “அண்ணன், பட்டன் விட்டு விட்டுப் பிடிக்குது” என்று ஓட்டுபவர் வந்து சொல்வார். கேபிளை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் வேலை செய்யும், விட்டால் நிற்கும். அந்த நிலையில் கொன்டாக்டரின் கொயில் நடுங்கி நடுங்கி மூடித் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் முனைகளில் தீப்பொறி எழுகிறது. நடுக்கம் நீடித்தால் முனைகள் உருகி ஒட்டிக்கொள்கின்றன. பொத்தானிலிருந்து கையை எடுத்த பின்னும் கொழுக்கி ஏறிக்கொண்டே போவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. அப்போது, கொழுக்கி உச்சியை எட்டியதும் நிறுத்த வேண்டிய மேல் எல்லை லிமிட் சுவிட்சும் அதே கொயிலின் வழியில்தான் இருக்குமானால் அதுவும் உதவாது. கம்பியை வெட்டி எறிவதால் மிச்சமாவது கால் மணி நேர வேலை மட்டுமே. அதற்காக இவ்வளவு பெரிய ஆபத்தைத் தலைக்கு மேல் தொங்கவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னொன்றும் உண்டு: இந்தத் தாங்குகம்பியை நில இணைப்பு வயராகப் பயன்படுத்தக் கூடாது. அதற்குக் கேபிளில் பச்சை மஞ்சள் வயர் தனியாக உள்ளது. அந்த நிற வயரை வேறு எந்த வேலைக்கும் எடுக்கவும் கூடாது.

செப்பின் தரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ஐ.ஈ.சி. 60228 நியமத்தின் ஐந்தாம் வகுப்பு என்பது நெகிழும் இழைக் கடத்தி. 1 சதுர மில்லிமீற்றர் வயரில் அதன் ஒவ்வொரு இழையும் 0.21 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக் கூடாது. கடையில் கேபிளின் நுனியைச் சீவி இழைகளை விரித்துப் பார்த்தால், தலைமயிர் போல மெல்லிய இழைகள் பல இருக்க வேண்டும். தடித்த ஏழு இழைகள் மட்டும் இருந்தால் அது சுவரில் பதிக்கும் வயர், ஊசலாடும் பென்டன்டுக்கு உதவாது.

வயரின் பருமனைக் கட்டுப்பாட்டு மின்னழுத்தமே தீர்மானிக்கிறது. நம்மவர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் செய்வதில்லை. கேபிள் மடிப்பு மடிப்பாகத் தொங்கி உத்தரத்தின் வழியே நகரும் பெஸ்டூன் பாதையையும் சேர்த்து ஒரு வழிக்கு 30 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், போய் வரும் பாதை 60 மீற்றர். ஐந்தாம் வகுப்பில் 1 சதுர மில்லிமீற்றர் வயரின் தடை கிலோமீற்றருக்கு 19.5 ஓம், ஆகவே பாதையின் தடை ஏறத்தாழ 1.2 ஓம். கொயில் ஈர்த்து மூடும் கணத்தில் 70 வோல்ட்-அம்பியர் கேட்கும் கொன்டாக்டர் ஒன்று 110 வோல்ட்டில் வெறும் 0.64 அம்பியரையே எடுக்கும். இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதே கொன்டாக்டரை 24 வோல்ட்டில் வைத்தால் 2.9 அம்பியர் தேவைப்பட்டு, 3.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். அது 14 சதவீதம். மின்னழுத்தம் குறித்த அளவின் 85 சதவீதத்துக்குத் தாழும் வரை மட்டுமே கொன்டாக்டர்கள் தயங்காமல் மூட வேண்டும் என்பது நியமம். ஆக, மின்சாரம் சற்றுத் தாழும் மாலை வேளையில் கொயில் நடுங்கத் தொடங்கிவிடும். எங்கள் முன்றில் ஹொயிஸ்ட் 24 வோல்ட்டில் இயங்குவதால் அதற்கு 1.5 சதுர மில்லிமீற்றர் கேபிளை இட்டோம். அதன் தடை கிலோமீற்றருக்கு 13.3 ஓம் மட்டுமே.

வயர்களின் எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் வேண்டாம். நான்கு திசைப் பொத்தான்கள், அவற்றுக்குப் பொது வயர் ஒன்று, அவசர நிறுத்தத்துக்கு இரண்டு, தொடக்கப் பொத்தானுக்கு ஒன்று என்று எட்டு வயர்கள் எங்களுக்குத் தேவைப்பட்டன. பன்னிரண்டு வயர்க் கேபிளை வாங்கியதால், பச்சை மஞ்சள் போக மூன்று உதிரியாக உள்ளன. ஒரு வயர் அறுந்தால் முழுக் கேபிளையும் இறக்காமல் அன்றே வேலையைத் தொடரலாம். அறுந்ததற்கான காரணத்தை ஆராய்ந்த பின்னரே தொடர வேண்டும் என்பது வேறு.

உறையைப் பொறுத்தவரை, பி.வி.சி. மலிவானது, நிழலில் நன்றாகவே உழைக்கும். வெயிலில் அதன் மென்மையாக்கிகள் வெளியேறி விறைத்து, வளையும் இடத்தில் வெடிக்கிறது. டீசல் பட்டாலும் கெடுகிறது. வெளியிடத்துக்கு நியோபிரீன் அல்லது பொலியூரிதேன் உறை நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் கேபிளை மாற்றும் கூலியையும் கிரேன் நிற்கும் நாளையும் கணக்கில் சேர்த்தால் அதுவே சிக்கனம்.

பொத்தான் குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களிடம் வேலை செய்வோரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் உள்ளனர். எழுத்துக்குப் பதில் அம்புக்குறித் தகடுகளையே வாங்கினோம். அம்பிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓட்டுபவர் பாரத்தைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் திரும்பி நின்றால் அவருடைய இடம் வலமாகிவிடுகிறது. ஆகையால் கிரேனின் உத்தரத்தில் ஒரு முனையில் அலைக்கோட்டையும் மறுமுனையில் வீதிக் கோடுகளையும் பெரிதாக வரைந்து, அதே இரு குறிகளையும் பெட்டியின் பொத்தான்களுக்கு அருகே ஒட்டினோம். கடல் பக்கம், வீதிப் பக்கம் என்பவை ஓட்டுபவர் எப்படித் திரும்பினாலும் மாறாதவை. தயாரிப்பாளர் எவரும் இதைத் தரமாட்டார். நாமே செய்துகொள்ள வேண்டியது, செலவும் அநேகமாக இல்லை.

விலையும் உதிரிப் பாகங்களும் கவலைக்குரியவையே. 2022 ஆம் ஆண்டில் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறிய பின், இறக்குமதியாகும் மின்சாதனங்களின் விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நகரில் உள்ள மின்சாதனக் கடைகளில் நகல்கள் உடனே கிடைக்கும். அசல் பெட்டிக்குக் கொழும்புக்குச் சொல்லி எடுப்பிக்க வேண்டும். எக்ஸ்.ஏ.சி.ஏ பெட்டியின் நல்ல அம்சங்களில் ஒன்று, கொன்டாக்ட் புளொக்குகளைத் தனித்தனியாக மாற்ற முடிவதாகும். ஆகவே பெட்டியோடு ஏற்றும் பொத்தானுக்கு ஒன்றும் அவசர நிறுத்தத்துக்கு ஒன்றுமாக இரண்டு புளொக்குகளைச் சேர்த்தே எடுப்பியுங்கள். தேய்வது பெரும்பாலும் ஏற்றும் பொத்தானே. அசலை உறுதிப்படுத்த வெளிப்பெட்டியின் அச்சை நம்பாமல், உள்ளே ஒவ்வொரு கொன்டாக்ட் புளொக்கிலும் தயாரிப்பு எண்ணும் மின்னளவும் தெளிவாகப் பதிந்துள்ளனவா என்று பாருங்கள்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பாரந்தூக்கி இயந்திரங்களின் பரிசோதனையைக் கட்டாயமாக்குகிறது. பரிசோதனைக்கு ஆயத்தம் செய்வோர் கொழுக்கியையும் உருக்குக் கயிற்றையும் பிரேக்கையும் துடைத்து வைக்கிறார்கள். பென்டன்டின் மூடியை எவரும் திறப்பதில்லை. பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டெம்பர் மாதத்தில், மூடியைத் திறந்து டெர்மினல்களை இறுக்கி, மூடியின் இறப்பர் வளையத்தைத் துடைத்து, தாங்குகம்பியின் இரு முனைகளையும் இழுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. ரிமோட் கருவிக்கு மாறலாமே என்று சிலர் கேட்டனர். பாரத்திலிருந்து விலகி நின்று இயக்கலாம் என்பது அதன் பெரும் நன்மை. இருப்பினும் மின்கலம் தீர்ந்த நேரத்தில் பாரம் அந்தரத்தில் நிற்காதிருக்க, மாற்றாக ஒரு பென்டன்ட் தேவைப்படவே செய்கிறது.

கேபிளின் நீளத்தை அளக்கும்போது, பெட்டியின் அடி தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தில் நிற்குமாறு அளவெடுங்கள். அதற்கு மேல் இருந்தால் குட்டையானவர் கையை உயர்த்தியே வேலை செய்ய நேரிடும். தாழ்ந்திருந்தால் பெட்டி தரையில் உள்ள எஞ்சின்களில் இடித்துக்கொண்டே இருக்கும். இந்த அளவோடு, மேலே டெர்மினலில் இணைக்கவும் எதிர்காலத்தில் நுனியை வெட்டிப் புதுப்பிக்கவும் அரை மீற்றர் கூட்டிச் சொல்லிவிட்டால், கொழும்பிலிருந்து வரும் கேபிள் சுருள் குறையாமல் வந்து சேரும்.